கையடக்க ஜி.பி.எஸ். கருவி: பார்த்து வாங்கும் முறை



துவரம்பருப்பு மூட்டை வந்து இறங்கினால் சாக்கின் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு நாம் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. குத்தூசியைச் செருகி நடுமூட்டையிலிருந்து ஒரு கை எடுத்து, உள்ளங்கையில் பரப்பி ஊதி, ஒன்றிரண்டைப் பல்லில் கடித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுகிறோம். அதே நாம், பழக்கமில்லாத மின்னணுக் கருவி ஒன்றை வாங்கப் போனால் மட்டும் அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பிவிடுகிறோம்.

இந்த மாதப் பொருளறிவுப் பாடத்துக்குக் கையடக்க ஜி.பி.எஸ். கருவியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்கு அடைப்பவர்கள் நாம். நாற்பது வயதைத் தாண்டியதும் சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மருத்துவர் நடக்கச் சொல்கிறார். தெருவில் தொடங்கிய நடை, உறுப்பினர் பலருக்கு ஞாயிற்றுக்கிழமை மலைநடையாக வளர்ந்திருக்கிறது. வெளிநாட்டில் படிக்கப் போன பிள்ளைகளோ ஜியோகேஷிங் என்ற பெட்டி தேடும் விளையாட்டைப் பழகிக்கொண்டு வந்து அதற்கும் ஒரு கருவி வேண்டும் என்கிறார்கள்.

நம் உறுப்பினர் ஒருவர், மொத்த மளிகை வியாபாரி, தம் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. விலை உயர்ந்த கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு நண்பர்கள் நால்வருடன் மலைக்கோயில் ஒன்றுக்குப் போனார். இறங்கும்போது பனிமூட்டம் சூழ்ந்து, பாதை தெரியவில்லை. கருவியை எடுத்தார், திரை அணைந்து கிடந்தது. மாற்றுவதற்குக் கொண்டுபோயிருந்த பேட்டரியைப் போட்டார். கால் மணி நேரத்தில் அதுவும் அணைந்தது. கைப்பேசிகளின் சார்ஜ் எல்லாம் படம் எடுத்ததிலேயே தீர்ந்திருந்தது. ஐவரில் ஒருவர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். கையில் இருந்த பலகாரமும் தீர்ந்துவிட்டது. நான்கு மணி நேரம் ஒரு பாறையின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மனிதருக்கு வியர்த்துக் கை நடுங்கத் தொடங்கியபோது, வேறொரு கூட்டத்தார் எதிரே வந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். மூட்டம் விலகியபின் பார்த்தால், பாதை அறுபதடி தூரத்தில் இருந்தது.

கருவியில் ஒரு குறையும் இல்லை என்று பிறகு தெரிந்தது. குறை எங்கே என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதுவே இந்தப் பாடத்தில் நாம் அதிகம் கவனிக்க வேண்டிய இடம்.

கருவி செய்யும் வேலை

பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தி வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டு, நான்கு செயற்கைக்கோள்களாவது கிடைத்தால், கருவி நாம் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடும். இதற்குச் செல்போன் கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். சிக்னல் இல்லாத காட்டில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது என்று பலர் நினைப்பது தவறு. கைப்பேசியில் உள்ள ஜி.பி.எஸ். கூட, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால், கோபுரம் இல்லாத இடத்திலும் இடம் காட்டும்.

இன்னொரு தவறான எண்ணம் இதைவிட ஆபத்தானது. கையில் ஜி.பி.எஸ். இருந்தால் யாராவது நம்மைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று வீட்டார் நிம்மதியாக இருக்கிறார்கள். சாதாரண ஜி.பி.எஸ். கருவி செய்தியை வாங்கும், எதையும் அனுப்பாது. நாம் எங்கே இருக்கிறோம் என்பது நமக்கு மட்டுமே தெரியும். ஆகவே எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லாவில் வைத்துவிட்டுப் போவது கருவி இருந்தாலும் அவசியம்.

இந்த ஏற்பாடு அமெரிக்க ராணுவத்துக்காக உருவானது. முதல் செயற்கைக்கோள் 1978-ல் ஏவப்பட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த அலைவரிசையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. எடைக்கல்லின் அடியில் புளியை ஒட்டி வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப் போகும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அதிபர் கிளிண்டன் உத்தரவின்படி அந்தக் கலப்பு நிறுத்தப்பட்டது. ஒரே இரவில் பிழை சுமார் பத்து, இருபது மீட்டருக்குள் வந்துவிட்டது.

அதைச் சோதித்துப் பார்க்க, மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காட்டுப் பகுதி ஒன்றில் கறுப்பு வாளியை மறைத்து வைத்து, இடத்தின் எண்களை மட்டும் வெளியிட்டார். கண்டுபிடிப்பவர் ஒன்றை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்துவிட்டு, நோட்டில் பெயர் எழுத வேண்டும். ஜியோகேஷிங் அங்கே பிறந்ததுதான். அந்த வாளியில் நம் மளிகைச் சரக்கும் ஒன்று இருந்தது: ஒரு டப்பா பீன்ஸ். பின்னாளில் விலங்குகள் தேடி வரும் என்பதால் தின்பண்டம் வைக்கக்கூடாது என்று விதி செய்துவிட்டார்கள். நம் ஊர்ப் பேருந்து நிலையத்திலோ ரயில் நிலையத்திலோ பெட்டியை மறைத்து வைத்தால் வெடிகுண்டு நிபுணர்கள்தான் வந்து திறப்பார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

பூங்காவிலும் கடற்கரைச் சாலையிலும் நடப்பவர் இந்தக் கருவியை வாங்க வேண்டாம். கையில் உள்ள கைப்பேசியே போதும். ஒரு நாள் முழுக்க மலையிலோ காட்டோரத்திலோ நடப்பவருக்கும், மழையில் நனைபவருக்கும், பெட்டி தேடிப் புதரிலும் பாறை இடுக்கிலும் கை விடுபவருக்கும்தான் தனிக் கருவி. கைப்பேசித் திரை உச்சி வெயிலில் மங்கிவிடும். ஈர விரலுக்குச் சரியாகக் கட்டுப்படாது. கையடக்கக் கருவிகளில் பலவற்றின் திரை, சூரிய வெளிச்சம் படப்படத் தெளிவாகத் தெரியும் வகையைச் சேர்ந்தது. கடை விளக்கில் அது மங்கலாகத் தெரிவதைக் கண்டு மட்டமான சரக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். கருவியை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் காட்டச் சொல்லுங்கள். பட்டுப்புடவையை வெளிச்சத்தில் பார்ப்பதற்குச் சொல்லித் தரவா வேண்டும்!

பொத்தானா, தொடுதிரையா என்ற கேள்விக்கு என் தீர்ப்பு பொத்தான்தான். மழையிலும் வியர்வையிலும் பொத்தான் கைவிடாது. எழுத்துகளைத் தட்டுவது மெதுவாகத்தான் இருக்கும், பழகிக்கொள்ளலாம்.

பேட்டரி

இப்போது அந்த உறுப்பினரின் கதைக்கு வருகிறேன். அவருடைய கருவி இரண்டு ஏஏ அளவு பென்சில் பேட்டரியில் ஓடுவது. கிளம்பும் அவசரத்தில் தம் கடையில் சரமாகத் தொங்கிய மலிவு பேட்டரிகளையே போட்டுக்கொண்டு, மாற்றுக்கும் அதையே எடுத்துப் போனார். சுவர்க் கடிகாரத்துக்கும் டி.வி. ரிமோட்டுக்கும் ஏற்ற சாதாரணத் துத்தநாக பேட்டரி அது. கடிகாரம் சொட்டுச் சொட்டாக மின்சாரம் எடுப்பதால் அதில் ஓர் ஆண்டு கூட ஓடும். ஜி.பி.எஸ். கருவி விடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புக்கு இந்த பேட்டரி தாங்காது. அதை வாடிக்கையாளருக்கு எடுத்துக் கொடுக்கிற நமக்கே வித்தியாசம் தெரியாமல் போனது வெட்கப்பட வேண்டிய விஷயம்.

ஆல்கலைன் என்று எழுதிய பேட்டரியோ, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை ரீசார்ஜ் பேட்டரியோ போட வேண்டும். போட்டபின் கருவியின் அமைப்புப் பகுதிக்குள் போய் எந்த வகை பேட்டரி என்பதைக் குறிக்க வேண்டும். ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட், ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட் என்பதால், இதைக் குறிக்காவிட்டால் திரையில் தெரியும் பேட்டரி அளவு பொய் சொல்லும். வெளிக்கடைகளில் இதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு.

பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட கருவிகளும் உண்டு. கார்மின் நிறுவனத்தின் ஜிபிஎஸ்மேப் 67 என்ற கருவிக்கு 180 மணி நேரம் என்று அறிவித்திருக்கிறார்கள். அதே நிறுவனம் 2019-ல் கொண்டுவந்த இட்ரெக்ஸ் 22எக்ஸ் இரண்டு பென்சில் பேட்டரியில் 25 மணி நேரம் ஓடும் என்கிறது. பார்த்தவுடன் முதலாவதுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் உள்பேட்டரி தீர்ந்தால் பவர் பேங்க் வேண்டும். சில ஆண்டுகளில் அது தளர்ந்தால் பழுதுபார்ப்பவர் வேண்டும். பென்சில் பேட்டரியோ மலையடிவாரப் பெட்டிக்கடையில் கூடக் கிடைக்கும், ஆல்கலைன்தானா என்று பார்த்து வாங்கிக்கொண்டால் போதும். மாதம் ஒருமுறை நடப்பவருக்குப் பென்சில் பேட்டரிக் கருவியே நல்லது என்பது என் கருத்து. பெட்டியில் 25 மணி நேரம் என்றிருந்தால் 15 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்; திரை விளக்கு எரிவதும் திசைகாட்டி ஓடுவதும் அதில் கழியும். வீட்டில் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி வையுங்கள். கசிந்துவிட்டால் உள்ளே இருக்கும் தகடு அரித்துப்போகும்.

உறுதியைப் பார்ப்பது

நீர் புகாத கருவி என்பதற்கு அடையாளமாக ஐ.பி.எக்ஸ். 7 என்று போட்டிருப்பார்கள். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பது இதன் பொருள். நடுவில் உள்ள எக்ஸ் என்ற எழுத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அந்த இடம் தூசிக்கு உரியது; எக்ஸ் என்றால் தூசிக்கு மதிப்பெண் தரப்படவில்லை என்று அர்த்தம். ஐ.பி. 67 என்று இருந்தால்தான் தூசியும் புகாது. நம் ஊர்ச் செம்மண் பாதையில் நடப்பவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. பேட்டரி மூடியைத் திறந்து அதன் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்போ மணலோ இருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

கடலில் போகிறவர்களுக்குத் தண்ணீரில் மிதக்கும் கருவிகள் உண்டு. நம் கடலோர மீனவர்கள் வலை விரித்த இடத்தைக் குறித்துக்கொள்ளவும் எல்லைக் கோட்டை அறியவும் ஜி.பி.எஸ். கருவியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். துறைமுகத்தில் தெரிந்த படகுக்காரர் இருந்தால் வாங்கும் முன் அவரிடம் கேளுங்கள். உப்புத் தண்ணீரில் எந்தக் கருவி எத்தனை நாள் தாங்கியது என்று அவருக்குத் தெரியும். விளம்பரத்தைவிட அந்தச் சொல் மேல்.

ஆன்டெனா இரண்டு வகை. தலையில் கட்டைவிரல் போலத் துருத்திக்கொண்டிருக்கும் கருவியை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். துருத்தல் இல்லாத சிறு கருவிகளைப் பெரும்பாலும் வானம் பார்க்க மட்டமாகப் பிடிக்க வேண்டும். அடர்ந்த மரநிழலில் முதல் வகை கொஞ்சம் கூடுதலாக உழைக்கும். ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகிய செயற்கைக்கோள்களையும் சேர்த்துப் பிடிக்கும் கருவியாகப் பாருங்கள். இரண்டு அலைவரிசையில் வாங்குபவை, பாறைச் சுவரில் பட்டு எதிரொலித்து வரும் செய்தியால் அவ்வளவாக ஏமாறுவதில்லை. பள்ளத்தாக்கில் நடப்பவர் இதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

திசைகாட்டி விஷயத்தில் விலை குறைந்த கருவிகள் ஏமாற்றும். அவற்றில் உள்ள அம்பு நாம் நடக்கும்போதுதான் சரியான திசை காட்டும்; நின்றால் குழம்பும். இட்ரெக்ஸ் 22எக்ஸ் அப்படிப்பட்டது. அதன் அண்ணன் 32எக்ஸ் கருவியில் மின்னணுத் திசைகாட்டி தனியாக உண்டு. பெட்டி தேடுபவர் கடைசிப் பத்து மீட்டரில் நின்று நின்றுதான் தேடுவார் என்பதால் அவருக்குத் திசைகாட்டி அவசியம். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் அதைச் சரிபார்த்து அமைத்துக்கொள்ள வேண்டும்.

வரைபடம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கருவியுடன் வரும் அடிப்படைப் படம் நம் பக்கத்து மலைகளுக்குப் பயன்படாது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொதுப் படத்தை இலவசமாக இறக்கி ஏற்றிக்கொள்ளலாம். நினைவு அட்டை போட இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எண்ணைப் படிப்பதில் உள்ள பொறி

நல்ல கருவியும் நல்ல பேட்டரியும் இருந்தும் வழி தவறுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதலாம்: பாகை மட்டும் தசமத்தில், பாகையும் தசம நிமிடமும், பாகை, நிமிடம், விநாடி. உல்மர் வாளி வைத்த இடத்தின் அட்சரேகை வடக்கு 45 பாகை 17.460 நிமிடம். ஜியோகேஷிங் முழுக்க இந்த இரண்டாம் முறையில்தான் எழுதுகிறார்கள். இதை 17 நிமிடம் 46.0 விநாடி என்று தவறாகப் பதிந்தால், புள்ளி நாலு ஆறு நிமிடம் என்பது உண்மையில் 27.6 விநாடி ஆதலால், 18.4 விநாடி கூடிவிடும். தரையில் அது சுமார் 570 மீட்டர். 45.17460 பாகை என்று பதிந்தாலோ ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். சரியான தசமப் பாகை 45.291.

கணக்கு நமக்குக் கைவந்த கலை என்பதால் ஒரு வாய்ப்பாடு தருகிறேன். வடக்கு தெற்காக ஒரு நிமிடம் என்பது 1,852 மீட்டர். நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய 1.85 மீட்டர். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் இரண்டு எட்டு தள்ளும். நடு இலக்கம் மாறினால் ஒரு தெருவீட்டு அகலம் தள்ளும். முதல் இலக்கம் மாறினால் அடுத்த ஓடையைத் தாண்டிவிடும். எண்ணைப் பதிந்தவுடன் இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். பேரேட்டை ஒருவர் படிக்க ஒருவர் டிக் அடிப்பது போல.

இரண்டாவது பொறி அடிப்படைக் கணக்கு. நம் தகப்பனார் காலத்தில் ஒரு ஊர்ப் படி இன்னொரு ஊர்ப் படிக்குச் சமமாக இருக்காது அல்லவா? பூமியின் வடிவத்துக்கும் அப்படி வேறு வேறு அளவுகள் உண்டு. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற அளவு. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களோ 1830-ஆம் ஆண்டின் எவரெஸ்ட் அளவைத் தழுவியவை. 1802-ல் லாம்டன் நம் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் பணியின் வழி வந்தவை அவை. பழைய தாளில் பார்த்த எண்ணை மாற்றாமல் கருவியில் போட்டால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் பிசகும். 2005-ஆம் ஆண்டு வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ். 84 அளவிலேயே இருக்கின்றன. தாளின் ஓரத்தில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

சட்டம்

வெளிநாட்டிலிருந்து கருவி வாங்கி வரச் சொல்லும் உறுப்பினர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். சில கருவிகளில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் இன்ரீச் வசதி உண்டு. ஜிபிஎஸ்மேப் 67 சாதாரணக் கருவி. 67ஐ என்று இறுதியில் ஓர் ஆங்கில எழுத்து கூடினால் அது செய்தி அனுப்பும் கருவி. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். செய்தி அனுப்பும் வகையைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருக்கக் கூடாது. இப்படிப்பட்ட கருவியைக் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கைச் சந்தித்திருக்கிறார்கள். மருமகனுக்கு எழுதும்போது அந்தக் கடைசி எழுத்தைக் கோடிட்டு எழுதுங்கள். வெளிநாட்டில் வாங்கிய கருவிக்கு உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதையும் பில் போடும் முன்பே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

கருவி கையில் இருப்பது காட்டுக்குள் நுழைய அனுமதி ஆகாது. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. தமிழக அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, வழிகாட்டியுடன் செல்ல முன்பதிவு முறையைக் கொண்டுவந்தது. அந்த வழியாகப் போங்கள்.

பழைய கருவியும், வாங்கியபின் செய்யும் சோதனையும்

பழைய கருவி மலிவாகக் கிடைத்தால் திறந்தவெளியில் கால் மணி நேரம் ஓடவிட்டுத் திரையில் தேதியைப் பாருங்கள். ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. புதுப்பிக்கப்படாத பழைய கருவி இருபது ஆண்டுக்கு முந்திய தேதியைக் காட்டும். இடம் சரியாகக் காட்டினாலும் அதைக் காரணம் சொல்லி விலையைக் குறைக்கலாம். சுற்றியுள்ள ரப்பர் உறை ஒட்டு விட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதிதோ பழையதோ, வாங்கியவுடன் மலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். கடை வாசலில் நின்று அந்த இடத்தைக் கருவியில் பதிந்துகொள்ளுங்கள். கடைப்பையனை ஒரு டப்பாவுடன் பக்கத்து மைதானத்துக்கு அனுப்பி, அதை வைத்த இடத்தின் எண்ணை அவன் கைப்பேசியிலிருந்து எழுதிவரச் சொல்லுங்கள். கைப்பேசி தசமப் பாகையில் கொடுத்தால் தசம நிமிடத்துக்கு நீங்களே மாற்றிக் கருவியில் பதியுங்கள். போய் டப்பாவை எடுத்துக்கொண்டு, வந்த வழியைப் பார்க்காமல் அம்பைக் கொண்டே கடை வாசலுக்குத் திரும்புங்கள். வாசற்படிக்கும் கருவி காட்டும் இடத்துக்கும் எத்தனை அடி வித்தியாசம் என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். வெயிலில் ஒருநாள், மழையில் ஒருநாள், மரத்தடியில் ஒருநாள் என்று ஒரு வாரம் இப்படிச் செய்தால் உங்கள் கருவியின் குணம் தெரிந்துவிடும்.

மேலே சொன்ன உறுப்பினர் இப்போது அதே கருவியைத்தான் வைத்திருக்கிறார். நான்கு ஆல்கலைன் பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அதன் மேல் வாங்கிய மாதத்தை எழுதி ஒட்டியிருக்கிறார். கூடவே கால் கிலோ கடலைமிட்டாய்.